ஐக்கிய அமெரிக்காவில் எளியோர் இல்லங்களும் இணையமும் — ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஒரு நாட்டு மக்களின் வாழ்க்கை வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நாட்டின் போர்களையும் உடன்படிக்கைகளையும் மாத்திரம் ஆராய்ந்தாற் போதாது. ஒரு கடிதத்தை அனுப்புவதற்கு ஏழையொருவனுக்கு எவ்வளவு செலவாயிற்று, குடியானவன் வீட்டுக்குத் தொலைபேசி எப்பொழுது வந்தது, வந்தபின் அதனை வைத்திருக்க அவனால் இயன்றதா என்னும் வினாக்களும் வரலாற்றாசிரியனின் கவனத்துக்குரியனவே. இத்தகைய வினாக்களுள் இன்று முதன்மை பெற்று நிற்பது வீடுகளுக்குரிய இணைய வசதியைப் பற்றியதாகும். பாடம் படித்தல், தொழில் தேடுதல், மருத்துவரிடம் ஆலோசனை பெறுதல், அரசாங்க அலுவலகங்களுக்கு விண்ணப்பித்தல் ஆகியன இணையத்தின் வழியே நடைபெறும் இக்காலத்தில், மாதக் கட்டணத்தைச் செலுத்த இயலாத குடும்பம் அதனை எவ்வாறு பெறுவது?

இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் ஐக்கிய அமெரிக்காவின் வரலாறு பெரிதும் படிப்பினை தருவதாகும். இணையம் தோன்றி வளர்ந்த நாடு அது, செல்வத்தில் மிக்கது, 'எல்லார்க்குஞ் சேவை' என்னும் கொள்கையை நூறாண்டுகளுக்கு மேலாகப் பேசிவருவது. அவ்வாறிருந்தும் 2024-ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதியன்று, 2 கோடி 30 இலட்சம் குடும்பங்கள் வரை பெற்றுவந்த இணைய உதவி முற்றாக நின்றுபோயிற்று. இஃது ஏன் நிகழ்ந்ததென்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், தபாலும் தொலைபேசியும் மின்சாரமும் பரவிய காலங்களிலிருந்து நாம் தொடங்குதல் வேண்டும்.

அவ்வரலாற்றை நோக்குவோர்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். கம்பியை வாசல்வரை கொண்டுவருதல் ஒரு பணி. அதனை வீட்டினுள்ளே நிலைபெறச் செய்தல் வேறொரு பணி. முன்னையதை ஒருமுறை பெருந்தொகை செலவிட்டு முடித்துவிடலாம். பின்னையதோ மாதந்தோறும் பணம் வேண்டுவது. ஆகவே, எளியோர்க்கு வழங்கப்படும் உதவியின் ஆயுள் அதன் அளவிலும் பார்க்க அது சுரக்கும் ஊற்றையே பெரிதும் பொறுத்திருக்கின்றது. இவ்விரு உண்மைகளையும் நிகழ்ச்சிகள் வாயிலாக எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தபாலின் முன்மாதிரி

ஐக்கிய அமெரிக்கா சுதந்திர நாடாகிச் சில ஆண்டுகளே கழிந்திருந்த 1792-இல், அந்நாட்டுக் கொங்கிரசு தபாற் சட்டமொன்றை இயற்றிற்று. அதன்படி, கடிதத்துக்குரிய கட்டணம் தூரத்திற்கேற்ப 6 சதம் தொடக்கம் 25 சதம் வரை உயர்ந்து சென்றது. பத்திரிகைக்கோ 100 மைல் வரை 1 சதமும், அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒன்றரைச் சதமுமே அறவிடப்பட்டன. வணிகர் பெரும்பாலும் எழுதிய கடிதங்களுக்குக் கூடிய கட்டணமும், பொதுமக்கள் வாசிக்கும் பத்திரிகைகளுக்குக் குறைந்த கட்டணமும் விதித்த இவ்வேற்பாடு, ஒரு சாரார் செலுத்தும் பணம் மறுசாரார் பெறும் சேவையைத் தாங்கும் முறைமைக்குத் தொன்மையான சான்றாகும்.

எனினும், நாட்டுப்புறத்தில் வாழ்ந்தோர் நெடுங்காலமாகத் தம் தபாலைப் பெறுவதற்குத் தாமே தபாற் கந்தோருக்குச் செல்ல வேண்டியிருந்தது. நகரத்தார் வாசலிற் கடிதம் பெறத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, 1896-ஆம் ஆண்டில் மேற்கு வேர்ஜீனியாவிற் பரீட்சார்த்தமாக நாட்டுப்புற இலவச விநியோகம் தொடங்கப்பட்டது. 1902-இல் அது நிரந்தரச் சேவையாயிற்று. இங்குக் கருதத்தக்கது யாதெனில், தொலைவில் வாழ்ந்த குடியானவனிடம் அதற்கென வேறு கட்டணம் கேட்கப்படவில்லை என்பதே. நகரத்தான் ஒட்டிய அதே முத்திரையை அவனும் ஒட்டினான். தொலைவினால் நேர்ந்த மேலதிகச் செலவைத் தபாற் சேவை முழுவதுமே ஏற்றுக்கொண்டது.

தொலைபேசி பரவிய வகை

1876-இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்குரிய உரிமைப் பத்திரத்தைப் பெற்றார். அவ்வுரிமைகள் 1893-இலும் 1894-இலும் காலாவதியானதும், சிறு கொம்பனிகளும் குடியானவர் சங்கங்களும் ஆங்காங்கே தோன்றின. பெருங் கொம்பனிகள் நாடாத புல்வெளிப் பிரதேசங்களில், வேலிக்குக் கட்டிய முட்கம்பியையே தொலைபேசிக் கம்பியாகக் கொண்டு அயலவர் ஒருவரோடொருவர் பேசியமையும் உண்டு.

1907-இல் அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கொம்பனியின் தலைமையை மீண்டும் ஏற்ற தியடோர் வெய்ல் என்பார், 'ஒரே கொள்கை, ஒரே அமைப்பு, எல்லார்க்குஞ் சேவை' என்பதைத் தம் கொம்பனியின் முழக்கமாக்கினார். இத்தொடரைக் கேட்போர், ஏழை எளியவர் இல்லங்கள் யாவற்றிலும் தொலைபேசி வைப்பதே அவர் கருத்தென எண்ணுதல் கூடும். அக்கருத்து பொருந்தாதென்பதை மில்டன் முல்லர் என்னும் ஆராய்ச்சியாளர் 1997-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். பல கொம்பனிகள் வெவ்வேறு கம்பிகளை இழுத்து, ஒரு கொம்பனியின் வாடிக்கையாளர் மற்றொன்றின் வாடிக்கையாளருடன் பேச முடியாதிருந்த நிலையை நீக்கி, யாவரையும் ஓர் அமைப்பினுட் கொண்டுவருதலையே வெய்ல் அத்தொடராற் குறித்தார். வீடுதோறும் தொலைபேசி என்னும் பொருள் பிற்காலத்தவர் அதன்மேல் ஏற்றியதாகும். சொல் ஒன்றாயிருக்கப் பொருள் மாறிவந்த இவ்வரலாற்றை மனத்திற்கொள்ளாது, பின்னைய சட்டங்களை விளங்கிக்கொள்ளுதல் அரிது.

தொலைபேசியின் பரவுதல் எந்நாளும் ஏறுமுகமாகவே இருந்ததென எண்ணுதலுந் தவறு. 1920-இல் பண்ணை வீடுகளுள் நூற்றுக்கு 39 அளவில் தொலைபேசி இருந்தது. 1940-இல் அத்தொகை நூற்றுக்கு 25 ஆகக் குறைந்துவிட்டது. நாடு முழுவதையும் எடுத்து நோக்கினும், 1930-இல் நூற்றுக்கு 41 வீடுகளில் இருந்த தொலைபேசி 1940-இல் 37 வீடுகளிலேயே காணப்பட்டது. கம்பி வாசலுக்கு வந்திருந்தும், பொருளாதார மந்தத்தினால் வருவாயிழந்த குடும்பங்கள் மாதக் கட்டணத்தைச் செலுத்த மாட்டாது தொலைபேசியைக் கைவிட்டன. பழுதுபார்ப்பாரின்றிச் சீர்கெட்ட நாட்டுப்புறக் கம்பிகளும் பல. ஒருமுறை பெற்ற வசதி என்றும் நிலைக்குமென்பது உறுதியன்று என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சட்டமும் கூட்டுறவும்

இவ்விடர்க் காலத்திலேயே இரண்டு பெருஞ் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1934-ஆம் ஆண்டு யூன் 19-இல் சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட செய்தித்தொடர்புச் சட்டம், நாட்டு மக்கள் யாவர்க்கும் இயன்றவரை நியாயமான கட்டணத்திற் கம்பி வழியும் வானொலி வழியும் தொடர்பு வசதி கிடைக்கச் செய்தலைத் தன் நோக்கமாகக் கூறிற்று. சமஷ்டிச் செய்தித்தொடர்பு ஆணைக்குழு இச்சட்டத்தினாலேயே நிறுவப்பட்டது. நோக்கம் உயர்ந்ததாயினும், அதற்குரிய பணம் எங்கிருந்து வருமென்பதை அச்சட்டம் வகுத்துரைக்கவில்லை.

மற்றையது மின்சாரம் பற்றியது. 1935-இல் அந்நாட்டுப் பண்ணைகளுள் பத்தில் ஒன்றளவே மின்சார வசதி பெற்றிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நாட்டுப்புற மின்வசதி நிருவாகம் நிறுவப்பட்டது. 1936-இல் அதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. இலாபமில்லையெனத் தனியார் கொம்பனிகள் ஒதுக்கிய ஊர்களில் வாழ்ந்தோர் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு, அரசாங்கத்திடம் நீண்டகாலக் கடன் பெற்றுத் தம் கம்பிகளைத் தாமே அமைத்தனர். 1950-களில் பண்ணைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மின்சாரம் பெற்றுவிட்டன. இதன் வெற்றியைக் கண்ட கொங்கிரசு, 1949-இல் அச்சட்டத்தைத் திருத்தித் தொலைபேசிக்கும் அத்தகைய கடனை வழங்கச் செய்தது.

இக்கடன் முறை கம்பியை ஊருக்குக் கொண்டுவந்தது. மாதக் கட்டணத்தைத் தாழ்த்திவைத்தது வேறோர் ஏற்பாடு. தொலைதூர அழைப்புகளுக்குக் கூடிய கட்டணம் அறவிட்டு, அவ்வருவாயில் ஒரு பங்கைக்கொண்டு உள்ளூர்ச் சேவையின் செலவைத் தாங்கும் முறைமை ஆணைக்குழுவின் மேற்பார்வையில் வளர்ந்தது. தொலைதூரம் பேசியோரிற் பெரும்பாலோர் வணிகரும் வசதியுடையோருமாவர். ஆதலின், 1792-ஆம் ஆண்டுத் தபாற் சட்டத்தின் முறைமையே இங்கு வேறு வடிவில் மீண்டதெனலாம். 1950-இல் நூற்றுக்கு 62 ஆயிருந்த தொலைபேசி வீடுகள் 1960-இல் 78 ஆயின. 1980-களின் தொடக்கத்தில் அவை நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்துவிட்டன.

லைஃப்லைன் உதவியின் பிறப்பு

இவ்வேற்பாடு ஒரே கொம்பனி நாட்டின் பெரும்பகுதியைத் தன் ஆட்சியில் வைத்திருந்தமையாலேயே இயன்றது. 1974-இல் அரசாங்கம் அக்கொம்பனிமீது தொடுத்த வழக்கு 1982-இல் உடன்பாட்டில் முடிந்தது. 1984-ஆம் ஆண்டு முதலாந் திகதி உள்ளூர்ச் சேவைகள் யாவும் அதனின்றும் பிரிக்கப்பட்டன. தொலைதூரச் சேவையிற் போட்டி வளர்ந்து கட்டணம் குறைந்தது. ஆயின், அவ்வருவாயைச் சார்ந்திருந்த உள்ளூர்ச் சேவைக்கு ஆதாரம் தளர்ந்தது. ஒவ்வொரு வீட்டின் சிட்டையிலும் புதியதொரு மாதக் கட்டணம் சேர்க்கப்பட்டது. எளியோர் பலர் தொலைபேசியை இழந்துவிடுவர் என்னும் அச்சமெழவே, 1985-இல் ஆணைக்குழு லைஃப்லைன் என்னும் உதவியைத் தொடங்கிற்று. வறிய குடும்பமொன்றின் மாதக் கட்டணத்திற் குறித்தவொரு தொகையைக் கழித்துக்கொடுத்தலே அதன் வகை. யாவர்க்கும் மறைவாகக் கட்டணத்தைத் தாழ்த்திய பழைய முறை போய், தகுதியுடையோரைத் தெரிந்து வெளிப்படையாக உதவும் புதிய முறை இவ்வாறு பிறந்தது.

1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இப்புதிய முறைக்கு உறுதியான அத்திவாரம் இட்டது. அச்சட்டத்தின் 254-ஆம் பிரிவின்படி, மாநிலங்களுக்கிடையிலான தொலைத்தொடர்புச் சேவை வழங்குங் கொம்பனிகள் யாவும் தம் வருவாயிலிருந்து ஒரு பங்கைப் பொது நிதியமொன்றுக்குச் செலுத்துதல் வேண்டும். லைஃப்லைன் உதவியும், நாட்டுப்புறக் கொம்பனிகளுக்குரிய உதவியும், பாடசாலைகளுக்கும் நூல்நிலையங்களுக்கும் உரிய கட்டணக் கழிவும், நாட்டுப்புற மருத்துவ நிலையங்களுக்குரிய உதவியும் அந்நிதியத்திலிருந்தே வழங்கப்படுகின்றன. ஆண்டுதோறும் கொங்கிரசின் வாக்கை எதிர்பாராது தானே சுரக்கும் ஊற்றாக அது அமைந்தமை நம் கவனத்துக்குரியது.

பள்ளிக்கு வந்த இணையம்

இணையம் பொதுமக்களின் வாழ்வினுட் புகுந்ததும் இக்காலமே. 1995-இல் வாணிப அமைச்சைச் சேர்ந்த தொலைத்தொடர்பு நிருவாகம், யார் யார் வீடுகளிற் கணினியும் இணைப்புக் கருவியும் உள்ளனவென ஆராய்ந்து தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. பின்வந்த அறிக்கைகள் 'எண்ணிமப் பிளவு' என்னுந் தொடரை நாடெங்கும் பரப்பின. 2000-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் நூற்றுக்கு 41.5 வீடுகளிலேயே இணையம் இருந்தது. வருவாய் குறையக் குறைய அவ்வீதமும் குறைந்துகொண்டே சென்றது.

பாடசாலைகளின் நிலையோ வேறு. 1994-இல் அரசாங்கப் பாடசாலைகளுள் நூற்றுக்கு 35 இணையத்தொடர்பு பெற்றிருந்தன. 2000-இல் நூற்றுக்கு 98 பெற்றுவிட்டன. பொது நிதியம் தந்த கட்டணக் கழிவு இவ்விரைந்த வளர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. மிக வறிய பாடசாலைக்கு நூற்றுக்கு 90 வரை கழிவு கிடைத்தது. பள்ளியில் இணையம் பெருகவே, ஆசிரியர் வீட்டுவேலையையும் அதன் வழியே கொடுக்கத் தலைப்பட்டனர். இதன் விளைவாகப் புதியதொரு வேற்றுமை எழுந்தது. பகலில் ஒரே வகுப்பில் ஒரே கருவியின் முன்னிருந்து கற்ற இரு மாணவர், மாலையில் வீடு திரும்பியதும் சமமற்றவராயினர். ஆணைக்குழுவில் அங்கத்துவம் வகித்துப் பின்னர் அதன் தலைவராகவும் விளங்கிய ஜெசிக்கா ரோசன்வோர்சல் இதனை 'வீட்டுவேலை இடைவெளி' எனக் குறித்தார்.

இவ்விடத்தில் மற்றோர் இடர்ப்பாட்டையும் சுட்டுதல் வேண்டும். தொலைபேசி தொலைபேசியாகவே நெடுங்காலம் இருந்தது. இணையமோ ஆண்டுதோறும் வளர்வது. ஆணைக்குழு 2010-இல் செக்கனுக்கு 4 மெகாபிட் வேகத்தைப் போதுமான அளவாக வைத்தது. 2015-இல் அது 25 ஆகவும், 2024-இல் 100 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஆகவே, எளியோர்க்கென ஓராண்டில் வகுத்த சேவை சில ஆண்டுகளில் இழிந்த சேவையாகிவிடும். இணைய வறுமையை ஒருமுறை ஒழித்துவிட்டோமென எவருங் கூற முடியாமைக்கு இதுவுமொரு காரணமாகும்.

கொம்பனிகளின் குறைந்த கட்டணம்

வீட்டு இணையத்தை மலிவாக்கும் முயற்சி முதலிற் கொம்பனிகள் வாயிலாகவே நடைபெற்றது. 2011-இல் கொம்காஸ்ட் என்னும் பெருங் கொம்பனி என்.பி.சி. யூனிவேர்சல் நிறுவனத்தைத் தன்னோடு சேர்க்க அனுமதி பெற்றபொழுது, வறிய குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இணையம் வழங்குதலும் நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுள்ள வீடுகளுக்கு மாதம் 9 டொலர் 95 சதத்துக்கு அச்சேவை கிடைத்தது. தொடக்கத்தில் அதன் வேகம் செக்கனுக்கு 1.5 மெகாபிட்டே. அதற்கு முந்திய 90 நாட்களில் அக்கொம்பனியின் இணையச் சேவையைப் பெற்றிருத்தல் ஆகாது. பழைய சிட்டைக் கடனும் இருத்தல் ஆகாது என விதிகள் வகுக்கப்பட்டன.

இத்திட்டம் பின்னர் பல முறை விரிவடைந்து பெருந்தொகையினர்க்குப் பயன்பட்டதை மறுத்தல் ஆகாது. ஆயினும், அவ்விதிகளின் பொருளை நாம் சிந்தித்தல் தகும். வறுமையால் சிட்டையைச் செலுத்தத் தவறியவரே உதவி மிக வேண்டியவர்; அவரையே கடன் விதி விலக்கிற்று. உணவைக் குறைத்தேனும் பிள்ளையின் படிப்புக்காகக் கட்டணம் செலுத்திவந்த தாயை, முன்னரே இணையம் பெற்றவளெனத் 90 நாள் விதி விலக்கிற்று. கொம்பனி தன் வாடிக்கையாளரை இழவாதிருக்க வகுக்கும் விதியும், வறியோரை நாடிச் செல்லும் விதியும் ஒன்றாதல் அரிது.

2016-இல் ஆணைக்குழு லைஃப்லைன் உதவியை இணையத்துக்கும் உரியதாக்கிற்று. அதன் தொகையோ மாதம் 9 டொலர் 25 சதமே. வீட்டு இணையத்தின் கட்டணம் பெரும்பாலும் அதனைப் பன்மடங்கு கடந்து நின்றமையால், உதவி பெற்றோரிற் பெரும்பாலோர் அதனைக் கைத்தொலைபேசிக்கே பயன்படுத்தினர்.

நோய்க் காலமும் பேருதவியும்

2020-இல் கொரோனா நோய் பரவிப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, வீட்டில் இணையமின்மை நாடறிந்த துன்பமாயிற்று. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், கலிபோர்னியாவிலுள்ள சலினாஸ் நகரில் இரு சிறுமியர் உணவுக்கடையொன்றின் வெளியே நிலத்திலமர்ந்து, அக்கடையின் கம்பியில்லா இணைப்பைக்கொண்டு பாடம் படித்த காட்சியைக் காட்டும் படம் எங்கும் பரவிற்று. கணினித் தொழிலின் தலைநிலமாகிய சிலிக்கன் பள்ளத்தாக்கிலிருந்து அந்நகர் வெகுதொலைவில் இல்லை.

அவ்வாண்டு இறுதியிற் கொங்கிரசு 320 கோடி டொலரை ஒதுக்கி, மாதம் 50 டொலர்வரை உதவும் அவசரகாலத் திட்டமொன்றை ஏற்படுத்திற்று. 2021 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 15-இல் நிறைவேறிய உட்கட்டமைப்புச் சட்டம் இணையத்துக்கென 6,500 கோடி டொலர் ஒதுக்கிற்று. அதில் 4,245 கோடி கம்பி செல்லாத இடங்களுக்கு அதனைக் கொண்டுசெல்வதற்கு உரியது. 1,420 கோடி எளியோரின் மாதக் கட்டணத்துக்கு உதவுதற்கு உரியது. பின்னையதே 'கட்டுப்படியான இணைப்புத் திட்டம்' எனப்பட்டது. குடும்பமொன்றுக்கு மாதம் 30 டொலரும், பழங்குடியினர் நிலங்களில் 75 டொலரும் வழங்கப்பட்டன. 2022 மே மாதத்தில் 20 கொம்பனிகள் 30 டொலருக்கு மேற்படாத சேவையொன்றை வழங்க இசைந்தமையால், பலர்க்கு இணையம் செலவின்றியே கிடைத்தது.

தகுதியுடையனவென மதிக்கப்பட்ட ஏறத்தாழ 4 கோடி 80 இலட்சம் குடும்பங்களுள் 2 கோடி 30 இலட்சத்துக்கு மேற்பட்டவை சேர்ந்தன. எஞ்சியோர் சேராமைக்குத் திட்டத்தை அறியாமையும், விண்ணப்பப் பத்திரங்களின் சிக்கலும், இலவசமென்றாற் பின்னர் ஏதேனும் சிட்டை வருமென்னும் ஐயமும் காரணங்களாயின. நூல்நிலையத்தாரும் ஆசிரியரும் அண்டையிலுள்ள சங்கங்களும் கூடவிருந்து படிவம் நிரப்ப உதவிய இடங்களிற் சேர்ந்தோர் தொகை கூடிற்று. உதவியைச் சட்டத்தில் எழுதுதலோடு பணி முடிவதில்லை. அறிந்த மனிதர் ஒருவர் அதனை எடுத்துரைத்தலும் வேண்டியுளது.

இத்திட்டத்தை எதிர்த்தோர் கூறிய நியாயம் ஒன்றுண்டு. சேர்ந்தோரிற் பலர் முன்னரே இணையம் பெற்றிருந்தவர். அவர்க்கு உதவுதல் வீண்செலவு என்பதாம். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயினும், ஆணைக்குழு 2024-இன் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திட்டத்துக்கு முன்னர்த் தமக்கு இணையமே இருந்ததில்லை, அல்லது விட்டுவிட்டே இருந்தது எனக் கூறியோர் நூற்றுக்கு 68 பேர். ஒரு மாதம் இணைத்து மறுமாதம் துண்டித்து வாழும் வீட்டை இணையம் பெற்ற வீடென எண்ணுதல் தகுமா? 1930-களிற் தொலைபேசியை இழந்த பண்ணை வீடுகளும் முன்னர் அதனைப் பெற்றிருந்தவையே.

1,420 கோடி டொலரும் ஒரேமுறை ஒதுக்கப்பட்ட பணம்; மேலும் ஊறாத குளத்துநீர் போன்றது. சேர்ந்தோர் தொகை பெருகப் பெருக அது விரைந்து வற்றிற்று. 2024 பெப்ரவரி 7-இற் புதியோரைச் சேர்த்தல் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் மாதமே முழு உதவி கிடைத்த இறுதி மாதம். மேலும் 700 கோடி டொலர் ஒதுக்குமாறு இரு கட்சியாரும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா வாக்கெடுப்புக்கு வராமலே கிடந்தது. யூன் முதலாந் திகதி திட்டம் முடிவுற்றது. மாதம் 30 டொலர் வழங்கிய பேருதவி இரண்டரை ஆண்டு நிறைவதற்குள் மறைந்தது. 9 டொலர் 25 சதம் வழங்கும் சிற்றுதவியோ 1985-இல் தொடங்கிய காலந்தொட்டு நாற்பதாண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. இரண்டுக்குமுரிய வேற்றுமை ஊற்றின் வேற்றுமையே.

பின்னைய முயற்சிகள்

நடுவண் உதவி நின்றதும் மாநிலங்களும் நகரங்களும் கைக்கொண்ட வழிகள் கவனத்தை ஈர்த்தன. நியூ யோர்க் மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டம், வறிய குடும்பங்களுக்குச் செக்கனுக்கு 25 மெகாபிட் சேவையை 15 டொலருக்கோ, 200 மெகாபிட் சேவையை 20 டொலருக்கோ வழங்குமாறு கொம்பனிகளைப் பணித்தது. கொம்பனிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றன. 2024 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தை நிலைநாட்டிற்று. அவ்வாண்டு டிசெம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 2025 சனவரி 15-இல் அது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கத் தொலைபேசி தந்திக் கொம்பனியின் வழிவந்த நிறுவனம், கம்பியில்லாது வீடுகளுக்கு வழங்கிவந்த தன் இணையச் சேவையை அம்மாநிலத்தில் விற்பதை அப்பொழுதே நிறுத்திற்று. அரசாங்கம் பணம் தராது கட்டணத்தை மாத்திரம் கட்டுப்படுத்தின், சுமை கொம்பனிமீது விழும். அது தாங்கவும் கூடும், விலகவும் கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

தெனசி மாநிலத்துச் சட்டனூகா நகரின் வழி வேறு. 1935-இல் நிறுவப்பட்ட அந்நகர மின்சார சபை, 2010-இல் தன் கண்ணாடியிழைக் கம்பிகள் வாயிலாகச் செக்கனுக்கு 1,000 மெகாபிட் வேகத்தை வீடுகளுக்கு வழங்கத் தொடங்கிற்று. கம்பி பொதுமக்களின் உடைமையாயிருந்தமையால், 2020-இல் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, வறிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 28,000 மாணவர்க்குப் பத்தாண்டுகளுக்கு இலவச இணையம் வழங்கும் திட்டத்தை அந்நகரால் வகுக்க முடிந்தது. 1930-களின் மின்சாரக் கூட்டுறவுக் கொள்கையின் சாயலை இங்குக் காணலாம். ஆயின், அச்சபை தன் மின்சார எல்லைக்கு அப்பால் இணையம் வழங்க மாநிலச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அத்தடையை நீக்க ஆணைக்குழு 2015-இற் செய்த கட்டளையும் மறு ஆண்டு நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது.

பொது நிதியமும் சோதனைக்குட்பட்டது. அதற்குரிய பணம் இணையச் சேவையிலிருந்து பெறப்படுவதில்லை. பெரும்பாலும் பழைய தொலைபேசிச் சேவையின் வருவாயிலிருந்தே பெறப்படுகின்றது. அவ்வருவாய் சுருங்கிவருதலின், 2001-இல் நூற்றுக்கு 7 அளவிலிருந்த பங்குவீதம் அண்மை ஆண்டுகளில் 30-ஐக் கடந்துவிட்டது. இவ்வறவீடு அரசியல் யாப்புக்கு மாறான வரியெனத் தொடுக்கப்பட்ட வழக்கை, 2025 யூன் 27-இல் உயர் நீதிமன்றம் ஆறு நீதியரசர்க்கு மூவர் என்ற தீர்ப்பினால் தள்ளிவிட்டது. ஊற்று காப்பாற்றப்பட்டது, அதன் நீர்வரத்தை எங்ஙனம் பெருக்குவதென்னும் வினா எஞ்சிநிற்கின்றது.

முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தபாலில் முத்திரையும், தொலைபேசியில் தொலைதூர அழைப்பும், பின்னர் பொது நிதியமும் எளியோரின் சேவையைத் தாங்கின. இவை யாவும் அச்சேவையைப் பயன்படுத்துவோரிடமிருந்தே இடையறாது பெறப்பட்டவை. அவ்வாறு தாங்கப்பட்ட உதவி சிறிதாயினும் நீடித்தது. ஒருமுறை ஒதுக்கிய பணத்தாற் பிறந்த உதவி பெரிதாயினும் பணத்தோடு மறைந்தது. கம்பியிடும் பணிக்குக் கடனும் மானியமும் ஏற்றன. ஏனெனில் அப்பணிக்கு முடிவுண்டு. மாதக் கட்டணத்துக்கு முடிவில்லை. ஆதலின் அதற்குரிய ஊற்றும் முடிவில்லாததாதல் வேண்டும்.

4,245 கோடி டொலர் கொண்டு கம்பி இழுக்கும் பணி அந்நாட்டில் இன்னும் நடைபெறுகின்றது. அக்கம்பி செல்லும் ஊர்களில், மாதக் கட்டணத்தைச் செலுத்த மாட்டாத வீடுகளும் இருக்கும். 1920-க்கும் 1940-க்கும் இடையில் பண்ணை வீடுகளுக்கு நேர்ந்தது அவ்வீடுகளுக்கும் நேருமா, நேராதா என்பதைக் கம்பியின் நீளம் தீர்மானிக்காது. அவ்வூர்ச் சிறுவனொருவன் தன் பாடத்தை வீட்டிலிருந்து படிப்பதும், கடைவாசலிலிருந்து படிப்பதும், மாதந்தோறும் வரும் அச்சிட்டையை யார் எவ்வாறு பகிர்ந்துகொள்வதென அந்நாட்டார் செய்யும் முடிவையே பொறுத்திருக்கின்றன. எந்நாட்டிற் கல்வியை இணையத்தின் வழியே புகட்ட முற்படுவோரும் இவ்வினாவைத் தம் மனத்தில் முதற்கண் இருத்திக்கொள்ளுதல் கடனாகும்.